கெமிஸ்ட்ரி கேட்காத படிப்பு

முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க இருட்டு வேண்டும். அதற்காகவே கடையின் பின்னறை ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். நடுவில் ஒரு மேசை. மேசைமேல் தகரப் பெட்டி, பெட்டிக்குள் பல்பு, பெட்டியின் முகத்தில் முட்டை உட்காரும் அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்கு எதிரே உட்கார்ந்துதான் முட்டைக்காரம்மா கல்யாணத்துக்குப் பிந்திய வாழ்க்கையில் பாதியைக் கழித்திருந்தாள்.

வேலை என்னவோ சின்னதுதான். இடது கை அட்டையிலிருந்து முட்டையை எடுக்கும். வலது கை அதை ஓட்டையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றும். உள்ளே விளக்கேற்றியதுபோல முட்டை செக்கச்செவேலென்று ஒளிரும். மஞ்சள் கரு நிழலாக ஆடும். ரத்தப்பொட்டு இருந்தால் மச்சம்போலத் தெரியும். தலைப்பக்கம் காற்று நிற்கும் இடம் பெரிதாக இருந்தால் பழசு. ஓட்டில் மயிரிழைபோல வெடிப்பு இருந்தால் அதுவும் அந்த வெளிச்சத்தில் தப்பாது, அது மட்டும் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தனியாகப் போகும். நல்லது வலப்பக்கம் போகும். சந்தேகம் வந்தது இடப்பக்கத்து ஒதுக்கு அட்டைக்குப் போகும். ஒரு முட்டைக்கு ஒரு மூச்சு, அவ்வளவுதான் நேரம்.

ஒதுக்கியதை அவள் மறுபடி எடுத்துப் பார்க்கமாட்டாள். "ரெண்டாவது தடவ பாத்தா மனசு எரக்கப்படும்" என்பாள். ஒதுக்கியதை உடைத்தும் பார்க்கமாட்டார்கள். அந்தத் தொழிலில் யாருமே உடைப்பதில்லை. ஒரே ஒரு அழுகல் முட்டை உடைந்தால் போதும், நாற்றம் சுவரில் ஏறி ஒரு வாரம் இறங்காது, வாடிக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விடுவார். அதனால் ஒதுக்கியது எல்லாம் உடையாமல், முழுசாக, பின்வாசல் வழியாக வெளியே போகும்.

அன்று காலையிலிருந்தே மழை. மகள் பள்ளிக்கூடம் விடுமுறை என்று அம்மாவுக்கு அட்டை எடுத்துக் கொடுக்க உட்கார்ந்திருந்தாள். கை வேலை செய்தது. வாய் காலேஜ் பேசியது.

"மூளைப் படிப்புக்கு என்ன கேக்கறான்னு சொன்ன?" என்று முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் அம்மா.

"நியூரோ சயின்ஸ்மா. பயாலஜி, கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூணுலயும் நல்ல மார்க் வேணும். அதுக்கு மேல நுழைவுத் தேர்வு ஒண்ணு."

"மனசுப் படிப்புக்கு?"

"சைக்காலஜிக்கு ஏதாவது ஒரு சயின்ஸ் போதும். மேத்ஸ்ல பாஸ் பண்ணிருக்கணும். கட்டுரை ஒண்ணு எழுதணும்."

"அப்புறம் அந்த ஊர்ப் படிப்பு?"

"சோசியாலஜியா? அதுக்கு சயின்ஸே வேணாம்மா. மொழிப்பாட மார்க்கும், ஏன் சேரணும்னு ரெண்டு பக்கமும்."

அம்மா ஒரு முட்டையை ஒதுக்கினாள். "மூணு பாடம் கேக்கறவன் ஒருத்தன். ஒரு பாடம் கேக்கறவன் ஒருத்தன். ஒண்ணுமே கேக்காதவன் ஒருத்தன். ஒண்ணுமே கேக்காம உள்ள வான்னு கூப்பிடறான்னா, உள்ள ஏதோ இருக்கு."

முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் கனமான கறுப்புத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் நல்ல முட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை அடுக்கும், காது இந்தப் பக்கம் இருக்கும்.

"அண்ணி, உங்களைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கண்ணன் என்ன கேட்டாரு? ஒண்ணும் கேக்கலையே!"

"அதான் நானும் இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

நாத்தனார் சிரித்ததில் பெட்டி ஆடியது. "முட்டை, முட்டை" என்று அம்மா அதட்டினாள்.

"இன்னொண்ணு இருக்கும்மா" என்றாள் மகள். குரல் கொஞ்சம் இறங்கியது. "கொஞ்சம் தூரம். ரயில்ல போகணும். பாதி நியூரோ சயின்ஸ், பாதி சோசியல் சயின்ஸ். ரெண்டும் சேந்த படிப்பு."

"அவன் என்ன கேக்கறான்?"

"பயாலஜி. அப்புறம் ஏதாவது ஒரு கலைப்பாடம்."

"கெமிஸ்ட்ரி?"

"கேக்கல."

"மூளையப் படிக்கணும்னா கெமிஸ்ட்ரி வேணும்னு அவன் சொல்றான். வேணாம்னு இவன் சொல்றான். ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான்." அம்மா இன்னொரு முட்டையை ஒதுக்கினாள். "உனக்குக் கெமிஸ்ட்ரில மார்க் கம்மி. கெமிஸ்ட்ரி கேக்காத காலேஜ் ஒண்ணு, அதுவும் தூரத்துல, உன் கண்ணுல மட்டும் சரியா வந்து விழுது. எனக்கு மூக்குல வேர்க்குது."

மகள் அட்டையை நகர்த்தினாள். பெட்டி வெளிச்சம் முகத்தில் பாதிக்கு மட்டும் விழுந்தது. அந்தப் பாதி முகம் முட்டையைப் பார்க்காமல் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை அம்மா கவனித்தாள். அன்றைக்கு மட்டுமல்ல. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். பார்ப்பாள். பிறகு மடியில் போனை வைத்து எதையோ தட்டுவாள். அம்மா திரும்பினால் போன் கவிழ்ந்து படுத்துவிடும்.

மத்தியானம் தீவனக்காரர் வந்தார். ஊருக்கு வெளியே பன்றி வளர்ப்பவர். ஒதுக்கு முட்டைகளைத் தினமும் எடுத்துப் போவது அவர்தான். அவற்றுக்கு அவர் ஒன்றும் கொடுப்பதில்லை, இவர்களும் கேட்பதில்லை. நாறாமல் பின்வாசல் காலியானால் சரி. மழைக்கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு, அடுக்கியிருந்த அட்டைகளைப் பார்த்து புருவத்தை உயர்த்தினார், மெச்சுவதுபோல.

"அக்கா, நானும் எத்தனையோ கடையில எடுக்கறேன். கண்ணுன்னா அது உங்க கண்ணுதான். அடுத்தவன் பத்து எடுத்து வெச்சா நீங்க இருபது எடுத்து வெப்பீங்க. எமனைக்கூட வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துதான் உள்ள விடுவீங்க."

"போய்யா" என்றாள் அம்மா. ஆனால் முகம் மலர்ந்தது.

அது அவளுக்கு வேண்டியிருந்தது. குளிர் தொடங்குகிற சமயத்தில், ஏழெட்டு மாதத்துக்கு முன், ஒரு சாப்பாட்டுக் கூடத்துச் சமையல்காரம்மா கடைக்கு வந்தாள். வாடிக்கைக்காரர் நிறையப் பேர் நின்றிருந்த நேரம். பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, "இதான் நீ பாத்துக் குடுத்த லட்சணம்" என்று மேசைமேல் ஓங்கி உடைத்தாள். கன்னங்கரேலென்று ஊற்றியது. அத்தனை பேர் முன்னாலும் அம்மாதான் அதைத் துடைத்தாள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. தீவனக்காரர் மட்டும் அன்றிலிருந்து அவள் கண்ணைப் புகழ ஆரம்பித்தார்.

சாயங்காலம் கணவர் வேனைப் பின்வாசலில் நிறுத்திவிட்டு நனைந்த தொப்பியோடு உள்ளே வந்தார். அவர் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமினால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம். செருமினார்.

"ரொட்டிக்கடைக்காரர் இந்த வாரமும் கொறச்சுட்டாரு. வேற எடத்துல வாங்கறாராம்."

"எந்த எடத்துல?"

"சொல்லல."

"எதிர்க் கடைக்காரன்தான். அவனுக்கு வெளிச்சமும் கெடையாது, வெக்கமும் கெடையாது. வந்தத அப்படியே தள்ளி விடறான்."

கணவர் தொப்பியைப் பிழிந்தார். "மத்த எடத்துலயும் சரக்குப் பத்தலங்கறாங்க. நம்ம வண்டில ஏறறதே இப்ப கொறைஞ்சு போச்சு. நீ ஒதுக்கறது கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"கொஞ்சம் அதிகமோன்னு."

"அப்ப அழுகலக் குடுக்கவா? இன்னொருத்தி வந்து மேசை மேல ஒடைக்கட்டுமா?"

அவர் வேனைக் கழுவப் போய்விட்டார். மழையில் வேன் கழுவுகிற மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான் என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எப்போதும்போல வெடிப்பு விழுந்த முட்டைகள்தான். அவித்து உரித்து, ரொட்டியோடு. மேசையில் மகள் போனை மறுபடியும் கவிழ்த்து வைத்தாள். நாத்தனார் அண்ணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். மாலையெல்லாம் அவள் ஓதிக்கொண்டிருந்த விஷயம்தான். தூரத்துக் காலேஜ், கவிழ்த்த போன், இறங்கிய குரல். கூட்டினால் என்ன வரும் அண்ணி, ஒரு பையன்தான் வருவான்.

அம்மா உப்பைத் தள்ளி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"யாரு அவன்?"

"எவன்?"

"போனைக் கவுத்து வெச்சு வெச்சுப் பேசறியே, அவன்."

மகள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவன் இல்லம்மா. அவ."

நாத்தனாருக்குத் தேநீர் புரையேறியது. கணவர் அவள் முதுகைத் தட்டினார்.

"எவ?"

"நீதாம்மா."

 மகள் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். அந்த ரெண்டும் சேர்ந்த படிப்புக்குக் கெமிஸ்ட்ரி கேட்கமாட்டார்கள், அதற்குப் பதிலாக வேறொன்று கேட்பார்கள். உயிரோடு இருக்கிற ஒரு மனுஷரைச் சில மாதம் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். அவர் ஒரு விஷயத்தை எப்படி முடிவு செய்கிறார் என்று பார்த்து எழுத வேண்டும். அந்த மனுஷருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவர் சம்மதிக்க வேண்டும்.

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"நீ நல்லதா கெட்டதான்னு நாள் முழுக்க முடிவு பண்றம்மா. உன்னவிட யாரு இருக்கா?"

"என்ன எழுதியிருக்க?"

"அந்தச் சமையல்காரம்மா வந்துட்டுப் போனதிலேர்ந்து நீ ஒதுக்கறது ஏறிக்கிட்டே போகுதுன்னு. அது கண்ணுலயா, மூளையிலயா, பயத்துலயா, இல்ல சுத்தி இருக்கறவங்க பேசறதுலயான்னு..."

அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"மூளைப் படிப்புல சேந்தா எங்கம்மாவுக்கு மூளை கெட்டுப்போச்சும்ப. மனசுப் படிப்புல சேந்தா மனசு கெட்டுப்போச்சும்ப. அந்த ஊர்ப் படிப்புல சேரு! ஒண்ணும் கேக்கமாட்டான்னியே, அதுல சேரு. ஊர் கெட்டுப்போச்சுன்னு எழுது. எங்க வேணா வந்து நானும் சாட்சி சொல்றேன்."

"அண்ணி சொல்றதும் சரிதான்" என்றாள் நாத்தனார். "ஊர்மேல போட்டா ஊரா வந்து கேக்கப் போகுது?"

"அத்தை, நீங்க சும்மா இருங்க."

"அனுப்பிட்டியா அத?" என்றாள் அம்மா.

"இல்ல."

அந்த 'இல்ல' கொஞ்சம் சீக்கிரமாக வந்ததுபோல் அம்மாவுக்குப் பட்டது. ஆனால் அதைவிட வேறொன்று உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

"நான் ஒதுக்கறது எல்லாம் கெட்டதுதான். அத எழுதினியா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா உப்பைப் பார்த்தார்.

"பாதிக்கு மேல நல்ல முட்டைன்னு எழுதியிருக்கேன்."

"யாரு சொன்னா?"

"நான் சந்தேகப்படறேன்."

"நீ சந்தேகப்படற! என் கையில வளந்துட்டு எனக்கே சந்தேகம் சொல்லிக் குடுக்கற!"

"சரி, நீ ஒடைச்சுப் பாத்திருக்கியாம்மா? ஒரு தடவையாவது?"

அந்தக் கேள்வி அம்மாவைச் சட்டென்று நிறுத்திவிட்டது. யோசித்துப் பார்த்தாள். தனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்களும் உடைத்ததில்லை. எதிர்க் கடைக்காரனும் உடைத்ததில்லை. நல்லதென்று அனுப்பியது கெட்டிருந்தால் யாராவது வந்து முகத்தில் அடிப்பார்கள். கெட்டதென்று ஒதுக்கியது நல்லதாக இருந்தால் வந்து சொல்வதற்கு ஆள் கிடையாது.

மறுநாள் மழை தூறலாகியிருந்தது. தீவனக்காரர் வருவதற்கு முன்னால் அம்மாவே ஒதுக்கு அட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனாள். ஒரு வாளி, ஒரு தட்டு, ஒரு கரண்டி. கணவர் எதற்கோ குடை பிடித்தார், முட்டைக்கா மனைவிக்கா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில்.

"ஒடை" என்றாள் மகளிடம்.

முதல் முட்டையை மகள் தட்டில் உடைத்தாள். மஞ்சள் கரு கும்மென்று உருண்டு நின்றது. வெள்ளைக் கரு சுற்றிலும் கெட்டியாகப் பிடித்திருந்தது. அம்மா குனிந்து மோந்து பார்த்தாள்.  இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் கடுகளவு ரத்தப்பொட்டு. "பாத்தியா" என்றாள் அம்மா. "அது கரண்டியால எடுத்துட்டா போகுதும்மா" என்றாள் மகள். அடுத்தது நல்லது. அதற்கடுத்தது நல்லது. நடுவில் ஒன்று உடைந்ததும் நாற்றம் எழும்பி நாத்தனார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓடினாள். அம்மா முகத்தில் ஏறக்குறைய சந்தோஷம் வந்தது.

"பாத்தியா! பாத்தியா! இத விட்டிருந்தா?"

"இது கரெக்டும்மா. இத நீ சரியாப் புடிச்ச."

அதற்குப் பிறகு அட்டை தீரும்வரை அந்த மாதிரி ஒன்றும் வரவில்லை. மஞ்சள் மஞ்சளாக வாளி நிரம்பிக்கொண்டே வந்தது. அம்மா ஒரு கட்டத்தில் மோந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். குடையிலிருந்து நீர் அவள் தோளில் சொட்டியது. நகரவில்லை.

"இத்தனையும் பன்னிக்கா போச்சு?" என்றாள் கடைசியில். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

கணவர் தொண்டையைச் செருமினார்.

"பன்னிக்குப் போகல."

"என்னது?"

"ரொட்டிக்கடைப் பின்வாசல்ல அந்தத் தீவனக்கார ஆளோட வண்டி நிக்கறத ரெண்டு மூணு தடவ பாத்தேன். நம்ம அட்டைதான் எறங்குது. ஓரத்துல நம்ம நீலக் கோடு. ரொட்டிக்கடைக்கு வெளிச்சமெல்லாம் எதுக்கு, ஒடைச்சு ஊத்தறப்ப மோந்து பாத்துக்கறான். கெட்டது ஒண்ணு ரெண்டு வந்தா வீசிட்டுப் போறான். பாதி வெலைக்குக் கெடைக்குது. அதான் நம்மகிட்ட கொறச்சுட்டான்."

அம்மா அவரையே பார்த்தாள். "எப்ப பாத்தீங்க?"

"கொஞ்ச நாளாச்சு."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அந்த ஆளோட நானும் கூட்டான்னு சந்தேகப்படுவ."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். படுவாள்தான். அது அவளுக்கே தெரிந்தது. 

எதிர்க் கடைக்காரனைச் சந்தேகப்பட்டாள். ரொட்டிக்கடைக்காரரை, முட்டை அனுப்பும் கோழிப்பண்ணையை, அதை ஏற்றி வரும் லாரிக்காரனை, பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட்டாள். கண்கொத்திப் பாம்பாக எல்லாரையும் பார்த்தவள், தினமும் பின்வாசலில் நின்று ஐஸ் வைத்துக்கொண்டிருந்த ஆளை மட்டும் வெளிச்சத்தில் பிடிக்கவேயில்லை. அவன் புகழப் புகழ ஒதுக்கியிருக்கிறாள். ஒதுக்க ஒதுக்கப் புகழ்ந்திருக்கிறான்.

தீவனக்காரர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். "என்னக்கா, இன்னிக்கு ஒண்ணும் வெளிய வெக்கலையா?" என்றார்.

"பன்னி எப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

"நல்லா இருக்குக்கா."

"ரொட்டி சாப்பிடுதா?"

அவர் மழைக்கோட்டை மாட்ட எடுத்த கையை அப்படியே இறக்கினார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நாத்தனார் அன்று முழுக்க அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. வாளி முட்டையை அடித்து ஆம்லெட்டாக ஊற்றிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். தன் தட்டில் விழுந்ததை அவள் தொடவில்லை.

மகள் தட்டை எடுக்க வந்தபோது அம்மா கேட்டாள்.

"என் கண்ணு தப்பு. சரி. அது மூளைப் படிப்பு. அந்த ஆளோட வாய் இருக்கே, அது எந்தப் படிப்புல வரும்?"

"சோசியாலஜில வரும். சைக்காலஜிலயும் கொஞ்சம் வரும்மா."

"நான் அந்த வாய நம்பினேனே, அது?"

மகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அதுக்குத்தான் ரெண்டையும் சேத்து வெச்சிருக்கற எடம்னு சொன்னேன்."

"அவன்தான் கெமிஸ்ட்ரி கேக்கமாட்டானே" என்றாள் அம்மா. பிறகு, "நீ எழுதினத வெச்சுட்டுப் போ. பாக்கறேன். சம்மதம்னு சொல்லல. பாக்கறேன்னுதான் சொல்றேன்" என்றாள். மகள் வைத்துவிட்டுப் போன தாள்கள் அன்று மேசையிலேயே இருந்தன. அம்மா அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்தாள், பறக்காமல் இருக்க. படிக்கவில்லை. தன்னைப் பற்றி அதில் இருப்பதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கடைப் போன் அடித்தது. நாத்தனார் எடுத்து, "அண்ணி, ஏதோ காலேஜாம், உங்களைத்தான் கேக்கறாங்க" என்று திரையை விலக்கி நீட்டினாள். நீட்டிவிட்டு நகரவில்லை.

மறுமுனையில் ஒரு பெண் குரல், மரியாதையாகப் பேசியது. "உங்க மகளோட விண்ணப்பம் விஷயமாப் பேசறேங்க. அவங்க எழுதினதுல வர்ற அம்மா நீங்கதானே?"

"நான்தான்."

"போன மாசம் நேர்முகத் தேர்வுக்கு இங்க வந்தப்ப, அம்மா படிச்சுப் பாத்துச் சம்மதிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. நாங்க எல்லார்கிட்டயும் நேரடியாக் கேட்டு உறுதி பண்ணிக்குவோம். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அம்மா போனைக் காதில் அழுத்தினாள். போன மாசம். பள்ளிக்கூடத்தில் அருங்காட்சியகம் கூட்டிப் போகிறார்கள் என்று மகள் ஒரு நாள் விடியற்காலையில் கிளம்பினாள். அவித்த முட்டை கட்டிக் கொடுத்தது இவள்தான். திரும்பி வந்தவளிடம் அருங்காட்சியகத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, "எல்லாம் பழசும்மா" என்றாள். அப்போதே ஏதோ இடித்தது. சீ, எல்லாவற்றுக்குமா சந்தேகம் என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள்.

ஆக, அது நிஜம். முட்டையில் தப்பாகப் போன சந்தேகம் பெண் விஷயத்தில் தப்பாகவில்லை. எழுதியதை அனுப்பிவிட்டாள். நேரில் போய்ப் பேசியும் விட்டாள். அம்மா சம்மதித்தாள் என்று, அம்மாவுக்கு ஒரு வார்த்தை தெரியாமல், கேட்டவர் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நான் சம்மதிக்கலைன்னு வெச்சுக்குங்க. என்ன ஆகும்?"

"விண்ணப்பத்தை அதோட நிறுத்திடுவோங்க. மார்க் எவ்ளோ இருந்தாலும் சரி. ஒருத்தரைப் பத்தி அவங்களுக்குத் தெரியாம எழுதறத நாங்க ஏத்துக்கறதில்ல."

நல்ல சட்டம் என்று தோன்றியது அம்மாவுக்கு. அந்தக் காலேஜைப் பற்றி அவளுக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள். வாய்ச் சொல்லை நம்பாமல் கூப்பிட்டும் பார்க்கிறார்கள்.

நாத்தனார் கையில் ஒரு முட்டையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அம்மா. "மத்தவங்கெல்லாம் கெமிஸ்ட்ரி கேக்கறாங்க. நீங்க ஏன் கேக்கல?"

அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். "மொத வருஷம் நாங்களே சொல்லிக் குடுத்துடுவோங்க. அதுல பாஸ் பண்ணாத்தான் ரெண்டாவது வருஷம்."

"அத மொதல்லயே போட்டிருக்கலாமே. இல்லாத சந்தேகமெல்லாம் வருது."

"சொல்றேங்க. இப்ப... உங்க சம்மதம்?"

மேசையில் செம்புக்கடியில் தாள்கள் இருந்தன. ஓரம் ஈரமாகியிருந்தது.

"சம்மதம்தான். எழுதறதுக்கு முன்னாடியே எங்கிட்ட கேட்டா. என் பக்கத்துல உக்காந்துதான் எழுதினா."

"நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன். ஒரு எடம் மட்டும் தப்பு."

"எதுங்க?"

"நான் ஒதுக்கறதுல பாதிக்கு மேல நல்ல முட்டைன்னு போட்டிருக்கா. பாதியெல்லாம் இல்ல. அதுக்கும் ரொம்ப ரொம்ப மேல. ஒடைச்சுப் பாத்தாச்சு. திருத்திக்குங்க."

போனை வைத்தாள். நாத்தனார் வாயைத் திறந்தாள். "அண்ணி, நீங்க எப்ப அத..."

"நீ போய் அட்டைய அடுக்கு."

சாயங்காலம் மகள் வந்தாள். காலணியை உதறினாள், பையைக் கொக்கியில் மாட்டப் போனாள். அத்தையின் முகத்தைப் பார்த்து ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்ததுபோல் மெதுவானாள். பின்னறையில் அம்மா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"அன்னிக்கு ரயில்ல ஜன்னலோரம் எடம் கெடைச்சுதா?"

பை கொக்கியில் மாட்டாமல் கீழே விழுந்தது. மகள் அதை எடுக்கவில்லை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"போறப்ப கெடைச்சுதும்மா" என்றாள். "வர்றப்ப நின்னுக்கிட்டே வந்தேன்."

"முட்டை சாப்பிட்டியா, இல்ல அதையும் தூக்கிப் போட்டியா?"

"சாப்பிட்டேன்." இப்போதுதான் குனிந்து பையை எடுத்தாள். "அம்மா, நான் உங்கிட்ட கேட்டிருந்தா நீ முடியாதுன்னுதான்..."

"சொல்லியிருப்பேன். அந்தப் பொம்பள போன் பண்ணா. சம்மதம்னு சொல்லிட்டேன்."

மகள் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாளா, வந்து கட்டிக்கொள்ளப் போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லைபோலிருந்தது. அம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அடுத்த தடவ அங்க போறப்ப நானும் வர்றேன்."

"நீ எதுக்கும்மா?"

"அந்தப் பொம்பளைய நேர்ல ஒரு தடவ பாக்கணும். நீ சொன்னதயும் நம்பினா. நான் சொன்னதயும் நம்பிட்டா. இவ்ளோ சுலபமா நம்பறவகிட்ட உன்ன எப்படி விட்டுட்டு வர்றது?"